இருட்டுத் தண்ணீரில் பயமில்லாமல் ஐந்து நாள்

கச்சாய்க்கரை எழுதியது:

வணக்கம் உறவுகளே. போன ஆவணியில் ரொறன்ரோவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் என்னைக் கனூ என்கிற சின்னத் துடுப்பு வள்ளத்தில் காட்டுக்குள் கூட்டிப்போய் ஐந்து நாள் வைத்திருந்தான். ஊருக்குத் திரும்பி மூன்று மாதமாகிறது, இன்னும் அந்தத் தண்ணீர் எனக்குள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டில் சொன்னால் "நல்லாச் சுத்திப் பார்த்திட்டு வந்திருக்கிறியள்" என்று முடித்துவிடுகிறார்கள். அது சுற்றிப் பார்த்த பயணம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். 1996 சித்திரையில் எனக்கு 13 வயது. போரில் இடம்பெயர்ந்து, கிளாலியில் இருந்து இரவில் வள்ளத்தில் கடனீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனோம். அந்த இரவுகளைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காணாதவர்களுக்குச் சொல்கிறேன்: முன்னால் ஒரு மோட்டார் வள்ளம், அதன் பின்னால் கயிற்றில் தொடுத்த வள்ளங்கள், ஒன்றிலும் வெளிச்சம் கிடையாது, குழந்தை அழுதால் தாயே வாயைப் பொத்துவாள். அம்மா என் தலையை மடிக்குள் அமத்திப் பிடித்திருந்தார். எனக்குக் கேட்டதெல்லாம் தண்ணீர் பலகையில் தட்டும் சத்தம் மட்டும்தான். அதற்குப் பிறகு சின்ன வள்ளம் எதிலும் நான் கால் வைத்ததில்லை. நயினாதீவுக்குப் போவதென்றால் லோஞ்சின் நடுவில், ஆட்களுக்கு நடுவில் இருந்துகொள்வேன். இரவில் பண்ணைப் பாலத்தால் வரும்போதுகூடத் தண்ணீர்ப் பக்கம் பார்க்கமாட்டேன்.

மருமகனுக்கு இதெல்லாம் தெரியாது, அங்கே பிறந்த பிள்ளை. "வாங்கோ மாமா, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றான், மறுக்க மனம் வரவில்லை. அல்கொன்குயின் பூங்கா ரொறன்ரோவில் இருந்து காரில் ஏறக்குறைய 3 மணித்தியாலம். 1893 இல் இருந்து காப்பாற்றி வைத்திருக்கிற காடு, 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் வரும், எங்கள் யாழ் மாவட்டத்தை ஏழு தரம் உள்ளே வைக்கலாம். தெற்குப் பக்கத்தால் ஒரு பெருந்தெரு போகிறது, அதை விட்டு உள்ளே போகப்போக ஏரிக்கு ஏரி கனூதான். கனூ லேக்கில் இறங்கி, ஜோ லேக் வழியாக, பேர்ன்ட் ஐலண்ட் லேக் வரைக்கும் வலித்துக்கொண்டு போனோம். இரண்டு ஏரிக்கு நடுவில் நிலம் வந்தால் வள்ளத்தைக் கவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். போர்ட்டேஜ் என்கிறார்கள்.

அந்த நடையைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. கெவ்லர் என்கிற பாரமில்லாத இழையில் செய்த கனூ 20 கிலோ அளவுதான், நடுவில் தோளுக்கென்று வளைவாகச் செதுக்கிய ஒரு குறுக்குத்தடி, மாட்டு நுகம் போல. பாதை தொடங்குமிடத்தில் எத்தனை மீற்றர் என்று மஞ்சள் பலகை சொல்லும். நான்காம் நாள் ஏறக்குறைய 800 மீற்றர் ஒன்று வந்தது, கல், வேர், சேறு, காதுக்குள் நுளம்பு, இரண்டு கையும் வள்ளத்தில் இருப்பதால் அடிக்கவும் முடியாது. பாதி வழியில் சந்நிதியில் காவடி எடுத்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்து எடுத்தது. அதே தோள், அதே பாரம், கண்ணுக்குத் தெரிவது முன்னால் இரண்டடி நிலம் மட்டும். காவடி என்ற சொல்லே காவுகிற தடிதானே. இறக்கி வைத்து நிமிர்ந்தால் அடுத்த ஏரி, ஒரு ஆள் இல்லை, ஒரு வீடு இல்லை. கும்பிட்டேன். மருமகனும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்று கையைக் கூப்பினான்.

ஆனால் அதற்கு முதல்நாள் இரவுதான் எனக்குப் பெரிது. சாப்பிட்டு முடித்து, சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாதபடி நாலு மீற்றர் உயரத்தில் கொப்பொன்றில் கட்டித் தூக்கிவிட்டு இருந்தோம். "வெள்ளி பார்க்க ஒருக்கா வெளியில போவமா மாமா" என்றான். நிலவில்லாத இரவு. லைஃப் ஜாக்கெட் மாட்டும்போதே கை நடுங்கியது. டோர்ச்சை அடித்தேன், "நூருங்கோ மாமா, கண் பழகிவிடும்" என்றான். நூர்த்தேன். கொஞ்சத் தூரம் வலித்துவிட்டுத் துடுப்பை மடியில் வைத்தோம்.

தண்ணீர் கனூவின் அடியில் தட்டியது. அதே சத்தம். நான் குனிந்து தலையை முழங்காலுக்குள் வைத்துவிட்டேன், உடம்பு தானாகச் செய்தது. மறுபடி தட்டியது. ஒன்றும் வரவில்லை, வெடியும் இல்லை, ஒருவரும் கத்தவில்லை. தட்டிக்கொண்டே இருந்தது, நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், எவ்வளவு நேரமென்று தெரியாது. தூரத்தில் லூன் என்கிற அந்த நீர்ப்பறவை கூவியது, நீளமாக, ஆள் கூப்பிடுவது போல. ஏரியின் மற்றப் பக்கத்தில் இருந்து இன்னொன்று பதில் சொன்னது. தலையை நிமிர்த்தினேன். எங்கள் ஊரில் துருவ வெள்ளி பனைவட்டுக்குள் தாழக் கிடக்கும், அடிவானத்தில் இருந்து 10 பாகைகூட வராது. அங்கே 45 பாகையில், பாதி வானத்தில் நிற்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டேனா என்று அப்போதுதான் பட்டது. அந்தக் கனூவுக்குள் இருந்துதான் மருமகனுக்கு முதன்முதல் கிளாலியைப் பற்றிச் சொன்னேன். அவன் பின்னால் இருந்தான், முகம் தெரியாது, அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

இங்கே யாருக்காவது தண்ணீரில் இப்படி ஒன்று கிடைத்திருக்கிறதா? இது எங்கள் கடலிலும் கிடைக்குமா, அல்லது அவ்வளவு தூரம் போனால்தான் கிடைக்குமா?


மேப்பிள்நிழல் எழுதியது:

அண்ணா, ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் கரவெட்டி. உங்கள் பதிவை வாசித்துவிட்டு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அழுதுகொண்டு போனேன்.

இவர், என் கணவர், இறந்து ஆறு வருடம். அதற்கு அடுத்த வருடம் வேலையிடத்துப் பெண்கள் நாலு பேர் கூப்பிட்டார்கள் என்று போனேன், இப்போது ஒவ்வொரு புரட்டாதியும் போகிறேன், இரண்டு தரம் தனியாகவே போனேன். வீட்டில் இருந்து கவலைப்படும்போது கவலைக்கு முடிவே இல்லை, ஒன்றில் இருந்து இன்னொன்று. கனூவில் காற்று எதிர்த்தால் வலிக்கத்தான் வேண்டும், மழை வரமுதல் கூடாரம் கட்டத்தான் வேண்டும், விறகு ஈரமென்றால் காய்ந்த சுள்ளி தேடத்தான் வேண்டும். போனுக்குச் சிக்னல் இல்லை. முதல் இரண்டு நாளும் மனம் பழைய பாட்டைப் பாடும். மூன்றாம் நாள் நிற்கும். உங்களுக்கும் மூன்றாம் நாள்தான் நடந்தது, கவனித்தீர்களா?

காலையில் ஏரியில் புகார் மூடியிருக்கும், அக்கரை தெரியாது, என் துடுப்பின் நுனிகூடச் சிலநேரம் தெரியாது. அந்த நேரத்தில் அம்மா விளக்கு வைக்கும்போது பாடும் தேவாரத்தைப் பாடுவேன். கோயிலில் ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் திறக்காது. அங்கே திறக்கிறது. இவரோடும் கதைப்பேன். பதில் வருகிறது என்று சொல்லமாட்டேன், ஆனால் சொல்லி முடித்தேன் என்ற ஆறுதல் வருகிறது, ஆஸ்பத்திரியில் அது கிடைக்கவே இல்லை.

லூனைப் பற்றி ஒன்று. கனடாவின் ஒரு டொலர் குற்றியில் இருப்பது அந்தப் பறவைதான், 1987 இல் இருந்து, அதனால்தான் இங்கே டொலரை லூனி என்கிறோம். மற்றப் பறவைகளைப் போல எலும்பெல்லாம் உள்ளீடற்றது இல்லை, பெரும்பாலும் கெட்டி எலும்பு, அதனால்தான் அப்படி ஆழமாகச் சுழியோடுகிறது. குஞ்சைச் சில நாள் முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். அதை ஒருதரம் கண்டேன், நான் பிள்ளையில்லாதவள், அன்று முழுவதும் துடுப்பைத் தொடவில்லை.

வர நினைக்கிறவர்களுக்கு: வைகாசி, ஆனியில் வராதீர்கள், கறுப்பு ஈ கடித்தே முடித்துவிடும், வைகாசித் தண்ணீர் பனி உருகிய தண்ணீர், விழுந்தால் உயிருக்கு ஆபத்து. போத்தல், தகரப்பேணி உள்ளே கொண்டுபோகத் தடை, சம்பலை பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். பருத்தித்துறை வடையும் புழுக்கொடியலும் இதற்கென்றே கண்டுபிடித்த சாப்பாடு போல, பாரமில்லை, பழுதாகாது. கருவாடு வேண்டவே வேண்டாம், அந்த மணத்துக்குக் கரடி வரும்.


குருநகர்ப்பெடியன் எழுதியது:

அண்ணை, உங்கள் கதை மனதைத் தொட்டது, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், கோபிக்கவேண்டாம்.

என்ர அப்பா 40 வருடமாக ஒவ்வொரு இரவும் இருட்டுத் தண்ணீரில்தான் நிற்கிறார். சிறகுவலை பார்க்க, நண்டு வலை எடுக்க. கிளாலிப் பாதை நடந்த காலத்தில் ஆட்களை ஏற்றியும் போயிருக்கிறார். அடுத்தநாள் அதே தண்ணீருக்குத்தான் தொழிலுக்குப் போகவேண்டும், வேறு வழியில்லை. பயம் போக அவருக்கு ஐந்து நாள் லீவும் இல்லை, வேறு நாட்டு ஏரியும் இல்லை. கரைக்கு வந்து படம் எடுத்துவிட்டு "என்ன அமைதி" என்று போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அமைதியான கடலில் மீன் பட்டதா என்று ஒருவரும் கேட்பதில்லை. டீசல் விலை என்ன, வலை அறுந்ததா, அதுவும் கேட்பதில்லை.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் என்னைப் போலக் கோபப்படவில்லை. "அந்தத் தம்பி சொல்லுறது சரி. கரையை விட்டு வெளிக்கிட்டால் வீட்டுப் பிரச்சினை எல்லாம் கரையில நிண்டிடும். நானும் அதுக்குத்தான் போறன், மீனுக்கு மட்டும் போறன் எண்டு நினைச்சியா" என்றார். இத்தனை வருடத்தில் இதை எனக்குச் சொன்னதில்லை. கடலுக்குப் போகமுன் சிலுவை போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார், நான் காற்றுப் பார்க்கிறார் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.


கச்சாய்க்கரை எழுதியது:

தம்பி, கோபம் ஏன் வரப்போகிறது. நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த இரவில் எங்கள் வள்ளத்தை ஓட்டிய மனிதரின் முகம் எனக்குத் தெரியாது, பெயரும் தெரியாது. அவர் எங்களை இறக்கிவிட்டு அதே இருட்டால் திரும்பிப் போனார் என்பதை, உண்மையாகச் சொல்கிறேன், நீங்கள் எழுதிய பிறகுதான் யோசித்தேன். 13 வயதில் யோசிக்கவில்லை சரி, 40 வயதுக்குப் பிறகும் யோசிக்கவில்லையே. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அக்கா, மூன்றாம் நாள் விஷயம் சரிதான். முதல் இரண்டு நாளும் நான் கடை வாடகையைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.


வடலி எழுதியது:

நான் கம்பஸில் மூன்றாம் வருடம். போர் முடியும்போது சின்னப்பிள்ளை, கிளாலியெல்லாம் அம்மம்மா சொல்லித்தான் தெரியும். எனக்கு வேறு பிரச்சினை. காதில் சத்தம் நிற்பதே இல்லை, போன், ரியூசன், வீட்டில் ஒரே கேள்வி, வெளிநாடு எப்போது போகிறாய். ஒரு இரவாவது தண்ணீருக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுப் படுக்கவேண்டும் போல இருக்கிறது. கனடாவுக்கெல்லாம் போகமுடியாது. யாழ்ப்பாணத்தில் எங்கே, எப்படி, யாராவது சொல்லுங்கள்.


தீவகத்தான் எழுதியது:

தம்பி, முடியும். ஆனால் அல்கொன்குயினை இங்கே தேடாதீர்கள், அங்கே குடிக்கிற தண்ணீருக்கு மேலேயே மிதக்கிறார்கள், வடிகட்டினால் போதும். இங்கே உப்பு. ஆளுக்கு நாளுக்கு 5 லீற்றர் தண்ணீர் காவவேண்டும், வெயிலுக்கு அதுவும் காணாது. அதனால் ஐந்து நாள் பயணமெல்லாம் வேண்டாம், ஒரு இரவு, மிஞ்சினால் இரண்டு.

காற்றைப் படியுங்கள், அதுதான் எல்லாம். வைகாசியில் இருந்து புரட்டாதிவரை சோளகம், சின்ன வள்ளத்தைத் தூக்கி எறியும். ஐப்பசிக்குப் பிறகு மழையும் வாடையும். இரண்டுக்கும் நடுவில் பங்குனி, சித்திரையில் கடல் எண்ணெய் போலக் கிடக்கும், அதிலும் விடியலும் பின்னேரமும்தான். யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழமில்லாதது, பல இடத்தில் துடுப்பைவிட மரக்கோல்தான் உதவும். கரையோரக் கண்டல்களுக்கு நடுவில் போகும்போது பேசாதீர்கள், பேசாமல் போனால் கொக்கும் நாரையும் எழும்பாது. சுண்டிக்குளத்தில் மார்கழிக்குப் பிறகு பூநாரை வரும், ஆனால் அது 2015 இல் இருந்து தேசிய பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்காமல் இறங்கக்கூடாது, முதலையும் உண்டு.

தொடங்குகிறவர்களுக்கு நான் நெடுந்தீவைத்தான் சொல்வேன். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். ஊர் ஆட்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் கூடாரம் போடுங்கள். இரவில் குதிரைகள் கல்வேலியோரம் மேய்கிற சத்தம் கேட்கும், பல்லால் புல்லை அறுக்கும் சத்தம்கூட. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள், இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது, பெருக்கமரத்தடியில் கிடக்கிற போத்தலைப் பொறுக்கியவன் நான்.

இன்னொன்று மனதில் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை பாய்விரித்துப் போனது. எங்கள் ஆட்கள் ஓட்டிப்போனார்கள். கட்டுமரம் என்ற எங்கள் சொல்லை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போனான். கனடாவில் ஆதிக்குடிகள் பேர்ச் மரப்பட்டையை வேரால் தைத்துப் பிசின் பூசிக் கட்டிய வள்ளம்தான் இன்றைய கனூவுக்கு மூலம், அதை அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பழக்குகிறார்கள். மூன்று பக்கமும் கடல் இருக்கிற எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? தம்பி வடலி, முதலில் நீச்சல் பழகுங்கள்.


பழைய ரீச்சர் எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். நான் பொதுவாக எழுதுவதில்லை.

1993 இல் என் தம்பி கிளாலியால் வரும்போது இறந்தான். உடல் கிடைத்தது, அந்த அளவில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். அதன் பிறகு நான் கடனீரேரியை மன்னிக்கவில்லை. தண்ணீர் என்ன செய்யும், சுட்டது தண்ணீரா என்று மகள் கேட்பாள். நியாயம் தெரியாமல் இல்லை, மனம் போகவில்லை. இப்போது கிளாலிப் பக்கம் போகிறவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். அழகாக இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

கச்சாய்க்கரைத் தம்பி, நீர் பயம் போனது என்று எழுதியிருக்கிறீர். சந்தோஷம். ஆனால் எல்லோரும் தண்ணீரில் இறங்கித்தான் ஆறவேண்டும் என்று இளம் பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது. எனக்கு அந்தக் கோபம் தம்பியோடு இருக்கிற கடைசிச் சொந்தம் மாதிரி. அதை விட்டால் அவனை விட்டதாகிவிடுமோ என்றிருக்கிறது. நீங்கள் போங்கள். போய் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், அது போதும்.


குருநகர்ப்பெடியன் எழுதியது:

ரீச்சர், உங்கள் பதிவையும் அப்பாவுக்கு வாசித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வாடை முடியட்டும். பங்குனியில அந்தத் தம்பியை வரச்சொல்லு, காசு கீசு ஒண்டும் வேண்டாம். ரீச்சர் அம்மாவுக்கு விருப்பமெண்டால் கரையில கதிரை போட்டுத் தாறன், தண்ணிக்குள்ள வரத் தேவையில்லை" என்று சொல்லச் சொன்னார்.


கச்சாய்க்கரை எழுதியது:

நாலு மாதம் கழித்து எழுதுகிறேன். நேற்றுப் பின்னேரம் போனோம்.

குருநகர் இறங்குதுறையில் இருந்து மண்டைதீவுப் பக்கமாக. தம்பி, அவரின் அப்பா, வடலி, நான். மோட்டாரை கொஞ்சத் தூரத்திலேயே நிற்பாட்டிவிட்டார். பொழுது பட்டுவிட்டது, பட்டணத்து வெளிச்சம் பின்னால் நீளக்கோடாகத் தெரிந்தது. அல்கொன்குயின் போல இல்லை, பஸ் ஹோர்ன் கேட்டது, எங்கேயோ கோயில் ஸ்பீக்கர் கேட்டது, வள்ளத்தில் மீன் மணம். ஆனால் தண்ணீர் பலகையில் தட்டியது. இந்த முறை நான் குனியவில்லை. நெஞ்சு வேகமாக அடித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

தம்பியின் அப்பா மரக்கோலை என் கையில் தந்து "ஊண்டிப் பாரும்" என்றார். ஊன்றினேன். கோல் கொஞ்சம்தான் இறங்கியது, சேற்றில் முட்டி நின்றது, ஒரு ஆளின் நெஞ்சளவு ஆழம்தான் இருக்கும். அம்மாவின் மடியில் கிடந்தபோது எனக்குக் கீழே அடியே இல்லை என்று நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். "அங்க கொஞ்சம் ஆழம், எண்டாலும் அதுக்கும் அடி இருக்கு. நான் ஊண்டிப் பார்த்திருக்கிறன்" என்றார். அந்த ஆண்டு சித்திரையில் எத்தனை தரம் போய்வந்தீர்கள் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். எங்களை ஏற்றியது அவராகவும் இருக்கலாம், வேறு ஆளாகவும் இருக்கலாம், அதை இருவரும் கதைக்கவில்லை. நான் அவர் காலைத் தொடப்போனேன், வள்ளம் ஆடியது, "இருமையா" என்று தோளில் பிடித்து இருத்தினார். வடலி முழு நேரமும் ஒரு சொல் பேசவில்லை, போனை வெளியே எடுக்கவே இல்லை.

ரீச்சர் வந்திருந்தார். மகள் கூட்டிவந்தாள். சொன்னபடி கதிரை போட்டிருந்தது, எங்கள் செருப்பெல்லாம் அவருக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தது. திரும்பி வந்து இறங்கியபோது எப்படி இருந்தது என்று கேட்பார் என்று நினைத்து வழிமுழுக்கப் பதில் யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் கேட்டது வேறு. தண்ணீர் குளிரா, சூடா என்று கேட்டார். தம்பி குளிர் தாங்கமாட்டான், சின்னனில் இருந்தே, என்றார்.

இளஞ்சூடு என்றேன். பகல் வெயில் இன்னும் தண்ணீரில் இருக்கிறது என்றேன். கதிரையில் இருந்து எழும்பி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படிவரை வந்து, குனிந்து கையை வைத்துப் பார்த்தார்.